இரண்டு இறுக்கங்கள்

பக்கவாதம் வந்தவர் வீட்டில் ஒரு ரப்பர் பந்து இல்லாமல் இருக்காது. அமுக்கி அமுக்கிப் பழகினால் கை வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் இயன்முறை மருத்துவர் செய்த முதல் வேலை, அந்தப் பந்தை வாங்கி அலமாரியில் வைத்ததுதான். "இதை இனிமே குடுக்காதீங்கம்மா. மூடுற வேலைய இவரு கை ஏற்கெனவே அதிகமாப் பண்ணுது. திறக்கத்தான் மாட்டேங்குது."

கிருஷ்ணகிரி மாவட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவது ஊருக்கே தெரியும். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பிசியோதெரபிஸ்டும் வருகிறார் என்பது தேவைப்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. அப்படி வரும் ஒரு பெண் பிசியோவுடன் நானும் வீடு வீடாகப் போனேன்.

பந்து இருந்த வீட்டில் கட்டிலில் இருந்தவர் மாந்தோப்புக் காவலாளி. வலது கை மார்போடு மடங்கிக் கிடந்தது. அவருடைய முழங்கையைப் பிடித்து மிக மெதுவாக நீட்டினார் அந்தப் பெண். கை ஏறக்குறைய முழுவதும் நீண்டது. அடுத்து அதையே சட்டென்று நீட்டினார். பாதி வழியில் கை வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா, வேகமா இழுத்தா மட்டும்தான் பிடிக்குது. இது மூளை பண்ற வேலை."

பிறகு மணிக்கட்டுக்கு வந்தார். மெதுவாக நிமிர்த்தினாலும் வேகமாக நிமிர்த்தினாலும் அது ஒரே இடத்தில் நின்றது. இங்கே தசையே குறுகிவிட்டிருக்கிறது. மாதக்கணக்கில் மடங்கியே கிடந்ததால் தசைநாரும் மூட்டைச் சுற்றிய சவ்வும் அந்த அளவுக்கே சுருங்கிப்போயின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே விறைப்புதான். வைத்தியமோ வேறு வேறு. முதலாவதைப் படுக்கும் நிலையை மாற்றியும், இயக்கத்தைப் பழக்கியும், தேவைப்பட்டால் மருந்து கொடுத்தும் தணிக்கலாம். இரண்டாவது மாத்திரைக்கு மசியாது. நெடுநேரம் நீட்டிப் பிடிக்க வேண்டும், இரவில் பட்டை கட்ட வேண்டும், பொறுமை வேண்டும். தசை, எலும்பு, மூட்டு பற்றிய அறிவும் மூளை பற்றிய அறிவும் ஒரே விரல் நுனியில் சேர்ந்திருந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும். பிசியோ என்றால் கை காலை நீவிவிடுபவர் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

தோளிலும் ஒரு சிக்கல் இருந்தது. தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தசைகள்தான். அவை செயலிழந்தால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துவிடும். மனைவி அவரை எழுப்புவதோ அந்தக் கையையே பிடித்து. "கையப் பிடிச்சுத் தூக்காதீங்கம்மா. இடுப்பப் பிடிங்க. அண்ணா, நீங்க முன்னால குனிங்க. மூக்கு, கால் பெருவிரலுக்கு மேல வரணும்." காவலாளி குனிந்தார். மனைவி ஏறக்குறைய தூக்கவே இல்லை. அவர் தானாக எழுந்து நின்றார். அந்த அம்மா திரும்ப உட்காரவைத்து, திரும்ப எழுப்பி, தனக்கு வந்துவிட்டதென்று தெரியும்வரை விடவில்லை.

அடுத்த வீட்டில் சர்க்கரை உள்ள ஒரு பாட்டிக்குக் கொண்டை போட முடியவில்லை. அவராலும் திருப்ப முடியவில்லை, பிசியோ பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை. மூட்டுறையே இறுகிய உறைந்த தோள். தசைநார் கிழிந்த தோளாக இருந்திருந்தால் இவர் கைக்கு அது வளைந்து கொடுத்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

என்னை அதிகம் கலங்கவைத்தது ஒரு இளைஞனின் வீடு. ஓசூரில் கம்பெனி வேலை, நெடுஞ்சாலையில் பைக் விபத்து, தலையின் வலப்பக்கம் அடி. இரண்டு கையிலும் பலம் இருக்கிறது. ஆனால் அவனுக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லை. தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும். கதவு நிலையில் இடத்தோள் இடிக்கும். "வேணும்னே பண்றான், திமிரு" என்றார் அப்பா. பிசியோ போய் அவனுக்கு இடப்பக்கமாகவே உட்கார்ந்தார். "பார்வை நல்லாத்தான் இருக்கு சார். அந்தப் பக்கத்தக் கவனிக்கணும்னு மூளைக்குத் தோணல. இனி நீங்களும் இந்தப் பக்கமே வந்து பேசுங்க." அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிசியோ அவன் வலது கைக்குத் துண்டைச் சுற்றிவிட்டு, இடது கையால் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போடச் சொன்னார். மூளை, பயன்படாத கையை மெல்ல மறந்தேவிடும் என்பதை எட்வர்ட் டாப் குரங்குகளிடம் ஆராய்ந்து, நல்ல கையைக் கட்டிவைத்து மற்றக் கையைப் பழக்கும் முறையை உருவாக்கினார். இதில் எண்ணிக்கைதான் எல்லாம். 2009-இல் வெளியான ஒரு ஆய்வு, பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை நேரங்களைக் கவனித்தபோது ஒரு அமர்வில் கை செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 என்று கண்டது. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறியதோ நூற்றுக்கணக்கான அசைவுகளுக்குப் பிறகுதான். பிசியோ வந்துபோகும் அரைமணி நேரத்தில் அது நடக்காது. குடும்பம்தான் நடத்த வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு இப்பகுதியில் நல்ல மரபு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளில் ஒரு வேலைக்கான தசைநாரை இன்னொரு வேலைக்கு மாற்றித் தைத்தார். கத்தி வேலை முடிந்த பிறகு, அந்தத் தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுத்தது பிசியோதெரபிதான். அங்கே மருத்துவரான மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அந்தக் கை அறுவைகளைச் செய்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்ததற்கு அவரே காரணம்.

ஒரு வட்டாரம் என்பது எத்தனையோ கிராமங்கள். ஒரே ஆள் எப்படிச் சுற்றினாலும் அடுத்த முறை வர நாளாகிறது. காவலாளியை மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கையில் மாத்திரைச் சீட்டு இருந்தது. மணிக்கட்டை எப்படி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது இறுக்கம் உண்டானது அந்த இடைவெளியில்தான். இந்தப் பெண் கேட்பது கூடுதல் ஆட்களையும், ஒரு சின்ன ஏற்பாட்டையும். பக்கவாதமோ தலைக்காயமோ வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் அன்றே, அந்த வட்டாரத்துப் பிசியோவுக்கு ஒரு போன் வர வேண்டும்.