அப்பாவின் காலா, கிளட்ச்சா?

அப்பாவின் வண்டிச் சாவி இரண்டு வாரம் என் கைப்பையில் கிடந்தது. கோலாலம்பூரில் வேலை, ஆயர் ஈத்தாமில் வீடு. நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சாவியை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறியபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அது 1995-இல் பதிவான ஜப்பானிய பிக்-அப். டீசல், ஐந்து கியர், நான்கு சக்கரமும் இழுக்கும். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து காய்கறியும் பழமும் இறக்கி, என்னையும் அக்காவையும் படிக்க வைத்த வண்டி. பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களில் பழைய ஹைலக்ஸ், கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர் என்று இந்த வகை வண்டிகள் நம் நாட்டு மலைகளில் இன்றும் ஓடுகின்றன. மலைக்காரர்கள் அவற்றை லேசில் விற்கமாட்டார்கள்.

ஜூன் மாத டுரியான் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். கெக் லோக் சி கோயிலைத் தாண்டி, 1962-இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும் பாதை எவ்வளவு செங்குத்து என்று அந்தப் பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு வளைவில் வேகம் குறைந்தது. அப்பா முதல் கியருக்கு மாற்றப் பார்த்தார். ‘கர்ர்ர்’ என்று அரைத்ததே தவிர விழவில்லை. இஞ்சின் நின்றது. வண்டி பின்னால் உருண்டது. அப்பா கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளுக்கும் எங்களுக்கும் இரண்டு முழம்கூட இல்லை.

“கிளட்ச்ச முழுசா அமுக்கலையாப்பா?” என்றேன்.

அப்பாவுக்கு 72 வயது. இடது முட்டியில் வலி. அவர் பதில் சொல்லவில்லை.

காட்டிய பட்டறையில், கியர் பெட்டியையே மாற்ற வேண்டும், 2,800 ரிங்கிட் ஆகும் என்றார்கள். “பெரியவரு கால் சரியா அமுக்கல போல” என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார்கள். பட்டர்வொர்த்திலிருந்து அக்கா, “இனிமே அவரு ஓட்ட வேணாம், சாவிய எடுத்துக்க” என்றார். எடுத்துக்கொண்டேன்.

என் மனத்தை மாற்றியது ஒரு கேபிள்தான். அடுத்த வாரம் நிகழ்ச்சியின் நடுவே என் குரல் விட்டு விட்டுக் கேட்டது. வந்த தொழில்நுட்பப் பணியாளர் எந்தப் பெரிய கருவியையும் தொடவில்லை. “எப்ப வருது? பேசும்போதா, மைக்கை நகர்த்தும்போதா?” என்று கேட்டார். நகர்த்தும்போது. கேபிளை மாற்றினார், சரியானது. ஊடகத்துறை பட்டப்படிப்பில் நானும் இதைத்தான் படித்தேன்: எப்போது வருகிறது என்று முதலில் கேள், மலிவானதை முதலில் பார். முகம் தெரியாத நேயர்களிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற நான், அப்பாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று இரவு போன் செய்தேன். “எப்பேலேர்ந்துப்பா இப்படி?”

“மூணு மாசமாச்சும்மா. இஞ்சின் ஓடாதப்ப எல்லா கியரும் நல்லா விழும். இஞ்சின் ஓடுனாத்தான் ஒண்ணும் ரிவர்ஸும் அடம் பிடிக்கும். ரெண்டு மூணு தடவை மிதிச்சா விழும்.”

“ஏன்பா சொல்லல?”

“நானும் காலுதான்னு நெனச்சேன்.”

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பா சொன்ன மூன்று வரியில் பாதி வைத்தியம் இருந்தது. இஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்துவிடுவதுதான் கிளட்ச்சின் வேலை. இஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர் பெட்டியை அல்ல, முழுதாகப் பிரியாத கிளட்ச்சை. திரும்பத் திரும்ப மிதித்தால் விழுகிறது என்றால், எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது காற்று புகுந்திருக்கலாம். எங்கள் வண்டியில் மிதியையும் கிளட்ச்சையும் இணைப்பது பிரேக் எண்ணெய்தான். மிதிக்கு அருகே மேல் பம்ப், கியர் பெட்டியின் பக்கவாட்டில் கீழ் பம்ப் என்று பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டுக்குள்ளும் ரப்பர் வளையங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். நாளடைவில் உள்ளே துருப்பிடித்து, ரப்பர் தேய்ந்து, எண்ணெய் கசியும்.

அடுத்த சனிக்கிழமை வீட்டு வாசலில், சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் இழுத்து, இஞ்சினை ஓடவிடாமல் பார்த்தோம். அப்பாவின் பழைய சிநேகிதரான சீனத் தவுக்கே ஒருவர் வந்திருந்தார். பட்டறையை மூடி ஓய்வு பெற்றவர். முதலில் மிதியின் கீழ் ரப்பர் விரிப்பு மடிந்து தடுக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, காப்பி நிறத்தில் கொஞ்சம் கிடந்தது. பிறகு என்னை வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். கீழ் பம்ப்பிலிருந்து ஒரு சிறிய கம்பி நீண்டு கிளட்ச்சைத் தள்ளும், அதைப் பார் என்றார்.

“அப்பா, அமுக்குங்க.”

கம்பி கொஞ்சம்தான் நகர்ந்தது.

“இன்னும் அமுக்குங்கப்பா.”

“முழுசா அமுக்கிட்டேம்மா.”

எழுந்துபோய்ப் பார்த்தேன். அவர் கால் மிதியைத் தரையோடு ஒட்ட வைத்திருந்தது. முட்டி நடுங்கியது, ஆனால் மிதி தரையில் இருந்தது. கால் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த அழுத்தம்தான் கீழே போய்ச் சேரவில்லை. கீழ் பம்ப்பின் ரப்பர் உறையைத் தவுக்கே விலக்கினார். கறுப்பு எண்ணெய் சொட்டியது.

புதிய கீழ் பம்ப், டாட் 3 பிரேக் எண்ணெய் இரண்டு குப்பி என எல்லாம் சேர்த்து 180 ரிங்கிட். பம்ப்பை மாற்றியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. தவுக்கே கீழே திருகைத் திறந்து மூட, அப்பா மேலே மிதித்தார். “அமுக்கு, பிடி, விடு.” குப்பி வற்றாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது நான். இருபது தடவைக்கு மேல் அப்பா மிதித்தார். “நான் மிதிக்கட்டுமாப்பா?” என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்காகத் தவுக்கே சொன்ன மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன். இஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லை, தண்டு தொளதொளவென்று ஆடுகிறது என்றால், முதலில் தண்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பாருங்கள். அது தேய்ந்திருக்கலாம், விலை சொற்பம். ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால், அது சின்க்ரோ வளையமாக இருக்கலாம். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த சின்க்ரோமெஷ் ஏற்பாடுதான், கியர் விழும் முன் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. பழைய பெட்டிகளில் அந்த வளையம் பெரும்பாலும் பித்தளை. அதனால் கியர் எண்ணெய் வாங்கும்போது கையேட்டைப் பாருங்கள். ஜி.எல்-4 கேட்கும் பெட்டியில், விலை கூடியதுதான் நல்லது என்று ஜி.எல்-5 ஊற்றினால், கியர் மாற்றுவது கடினமாகலாம். சில வகை எண்ணெய் பித்தளையையும் அரிக்கும். நான்கு சக்கர இயக்கத் தண்டு சிக்கிக்கொண்டால் பலவந்தமாக இழுக்காதீர்கள். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் பூட்டி ஓட்டியதால் உள்ளே முறுக்கு ஏறியிருக்கும். நேராகச் சில மீட்டர் பின்னால் போனால் பெரும்பாலும் தளரும். இவையெல்லாம் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கழற்றுவது பற்றிப் பேச்சு.

மாலையில் அணைக்கட்டுப் பாதையில் போனோம். அப்பாதான் ஓட்டினார். அதே வளைவு. இடது கை முதல் கியருக்குப் போனது. சத்தமே இல்லாமல் விழுந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் சாலையை மட்டுமே பார்த்தார். நம் வீடுகளில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் ஏது? “நல்லா விழுதுப்பா” என்றேன். “ம்” என்றார்.

அக்கா போன் செய்தார். “சாவி உங்கிட்டதானே இருக்கு?”

“வாசல் ஆணியில மாட்டிட்டேங்கா.”

அக்கா கோபப்பட்டார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வண்டியின் குறை தீர்ந்ததே தவிர, அப்பாவின் வயது குறையவில்லை. முட்டி வலி இருக்கிறது. ஒருநாள் அவர் ஓட்டுவதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளை ஒரு ரப்பர் வளையம் தீர்மானிக்க இருந்ததே, அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

மறுநாள் நான் பஸ் ஏறும்போது அப்பாவே சொன்னார்: “அடுத்த மாசம் வரும்போது ஒரு நாள் லீவு சேத்துப் போடு. முட்டியையும் கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டணும். ராத்திரியில எதிர்ல வர்ற வெளிச்சம் கொஞ்சம் கூசுது.”

இதையும் நான் இதுவரை கேட்டதில்லை.