ஒரு பெயர், இரு குடும்பங்கள்

கணமொன்றில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெறாது என்பது கணிதத்தின் பாலபாடம். 1970 இல் எட்கார் கொட் தரவுத்தளங்களுக்கான தொடர்புமுறை மாதிரியை முன்வைத்தபோது அட்டவணையைக் கணமாகவே கொண்டார்; அங்கே ஒரே வரி இருமுறை வருதற்கு இடமில்லை. ஆயின், 1974 இல் ஐ.பி.எம். ஆய்வாளரான சேம்பர்லினும் பொய்ஸும் வெளியிட்டதும், பின்னர் எஸ்.கியூ.எல். என வழங்கலானதுமான வினவல் மொழி இவ்விதியைத் தளர்த்திற்று. இரட்டைகளைக் களைதல் கணனிக்குச் செலவு மிக்க வேலை. வேண்டுவோர் 'டிஸ்ரிங்க்ற்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்கலாம் என்றாயிற்று. அச்சொல்லின் எளிமையே எனக்கு அச்சம் தருவது.

2004 ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணப் பட்டியலொன்றைக் கணனியில் ஒழுங்குசெய்த குழுவில் நானும் இருந்தேன். குடும்பங்கள் ஓர் அட்டவணையில். வழங்கிய பொருள்கள் மற்றொன்றில். இரண்டையும் இணைத்துப் பெயரையும் ஊரையும் கேட்டால், அரிசியும் பாயும் கூடாரமும் பெற்றவர் மும்முறை வந்தார். இது வழுவன்று, இணைப்பின் இயல்பே அது. நண்பரொருவர் டிஸ்ரிங்க்ற் சேர்த்தார். பட்டியல் அழகாகச் சுருங்கியது. ஆனால் அவ்வூரில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உடைய பெண்கள் இருவர் இருந்தனர். அடுத்த பங்கீட்டில் பெயர் ஒருமுறையே அழைக்கப்பட்டது. முன்னே சென்றவர் பெற்றார். மற்றவரிடம், "உங்கட பங்கு குடுத்தாச்சு அம்மா" என்றனர்.

கணனி பொய் சொல்லவில்லை. கேட்ட இரு நிரல்களும் ஒத்திருந்தன. அதற்கு அப்பால் அது அறியாது. குடும்ப அட்டை இலக்கத்தையும் சேர்த்துக் கேட்கலாமே எனின், அட்டையைக் கடலுக்குக் கொடுத்தோரும் உளர். அவர்களது நிரல் வெறுமையாய் இருக்கும். இங்கே ஒரு விநோதம்: இரு வெறுமைகள் சமமா என வினவினால் எஸ்.கியூ.எல். 'தெரியாது' என்னும், டிஸ்ரிங்க்ற்றோ அவற்றை ஒன்றெனவே கொள்ளும். ஆகவே குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நாமே தொடரிலக்கம் இட்டோம். இணைப்பையும் கைவிட்டு, 'இக்குடும்பத்துக்கு வழங்கிய பதிவு உண்டா' என்று மட்டும் 'எக்ஸிஸ்ற்ஸ்' கொண்டு கேட்டோம். அப்போது இரட்டை பிறக்கவில்லை, களையவும் வேண்டியிருக்கவில்லை.

இதன் மறுதலையும் உண்டு. யூனிக்கோட்டில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. முன்னரே ஒருசீராக்காவிடின், எண்களை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளத்துக்குக் கொக்கிளாய் இரண்டு ஊர்.