போய்க் கேட்டால்தான் தெரியும்

ஏப்ரல் 25, 2025, வெள்ளி. சென்னை

வைவா முடிந்தது. இரண்டு வருட இதழியல் படிப்புக்கு மங்களம் பாடியாயிற்று. பட்டம் கைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். ஆனால் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்து, நோ டியூஸ் தாளில் கையெழுத்து வாங்கியதுமே மாணவி என்கிற சலுகை போய்விட்டது.

என் ஆய்வேடு தாலுகா நிருபர்களைப் பற்றியது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அட்டவணைகளை வேகமாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இவங்க எல்லாரையும் நேர்ல பார்த்தியாம்மா? போன்லயே முடிச்சிருக்கலாமே?”

போனிலும் பேசினேன். பத்திரிகை தர்மம், சமூகப் பொறுப்பு என்று எல்லோரும் அழகாகப் பேசினார்கள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது என்ற கதை வந்தது. வெளியாகும் செய்திக்கு ஒரு தொகை. பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். எந்தப் பள்ளி நிர்வாகியிடம் விளம்பரம் கேட்டு நிற்கிறாரோ, அதே பள்ளியில் கூரை ஒழுகுவதை அவர்தான் எழுதவேண்டும். எழுதுவாரா? இதைச் சொன்னேன். தேர்வாளர் தலையாட்டினார். அடுத்த மாணவரை வரச் சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு. சென்னை

விடுதி அறையைக் காலி செய்கிறோம். எங்கள் வகுப்பின் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து வேலை அறிவிப்புகள். கன்டென்ட் ரைட்டர், சோஷியல் மீடியா எக்ஸிக்யூட்டிவ், ரீல்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுபவர். நிருபர் வேண்டும் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

ஏன் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பயிற்சிக்குப் போன இணையதளத்தில் டெஸ்க்கில் இருந்த யாரும் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு நடிகர் இன்ஸ்டாகிராமில் படம் போடுவார். கீழே நாலு பேர் திட்டியிருப்பார்கள். ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ என்று தலைப்பு வைத்தால் செய்தி தயார். திட்டிய நாலு பேர் யார், அந்த நடிகர் என்ன சொல்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் கொடுக்கப்படவில்லை.

இது செய்தி ஆபீஸ்களின் வியாதி மட்டும் இல்லை. அறைத்தோழியின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஊசி குத்திய கையைப் படம் எடுத்து, கும்பிடும் பொம்மையோடு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். வாட்ஸப்பில் 2017 முதல் இருக்கும் வசதி இது. 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். “இத்தனை பேர் பார்த்திருக்காங்க, ஒருத்தராவது என்னாச்சுன்னு கேட்டாங்களாடி?” என்றாள். பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பார்த்ததே விசாரித்த மாதிரி ஆகிவிட்டது அவர்களுக்கு.

மே 3, சனி. ஆரணி

சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். இன்று உலகப் பத்திரிகை சுதந்திர தினம். 1993ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த நாள். நண்பர்கள் எல்லோரும் பேனாவைச் சங்கிலியால் கட்டிய படத்தைப் பகிர்கிறார்கள். எனக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதிய முன்னோடிகளின் ஞாபகம் வருகிறது.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878ல் ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882ல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். 1898ல் ஆங்கிலப் பத்திரிகையை விட்டு விலகித் தமிழ்ப் பத்திரிகையே போதும் என்று வந்தார். மறு வருடம் சுதேசமித்திரன் நாளிதழ் ஆனது. ஊர் ஊராகப் போய்த் தமிழில் அரசியல் பேசியவர். விதவை மறுமணம் வேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல், தன் மகளுக்கே அதைச் செய்து வைத்தவர்.

நூறாண்டு கழித்து பி. சாய்நாத். 1990களின் தொடக்கத்தில் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் போய்த் தங்கி எழுதினார். அதில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. அந்தக் கட்டுரைகள் 1996ல் புத்தகமாக வந்தன. அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றதை அவர் எழுதியிருக்கிறார். எழுத்தறிவுத் திட்டம் என்று கோப்பில் இருப்பதைப் பார்த்தால், எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்ற எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒரு பெண் யார் தயவும் இல்லாமல் தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது, அங்கே போய் நின்றவர் கண்ணுக்குத்தான் செய்தி.

மே 9, வெள்ளி. ஆரணி

நேற்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. போன மாதம் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றதற்குப் பாகிஸ்தான் மீது பதிலடி நடந்துகொண்டிருக்கிறது. கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டது என்று தேசியச் சேனல்கள் சில கத்தின. அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை. வீடியோ கேம் காட்சிகள்கூடப் போர்க்களக் காட்சிகள் என்று போனில் சுற்றின. எல்லையில் பிள்ளையைப் பணிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். அவர்களும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மே மாதமும் வதந்தியும் எனக்குச் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். 2018ல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. அம்மா என்னைத் தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்பவில்லை. அந்த மே மாதத்தில்தான் போளூர் பக்கம் அத்திமூரில் அது நடந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். வழி கேட்க நின்றார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்தது. 65 வயது அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயம். அவர்கள் வாய் திறந்து வழி கேட்டவர்கள். நீங்கள் யார், எந்த ஊர், எந்தக் கோயில் என்று அவர்களை நிதானமாகக் கேட்க அந்தக் கூட்டத்துக்குப் பொறுமை இல்லை.

அந்த வருடம் நாடு முழுக்க இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, வந்த தகவலை ஒரே சமயத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாடு போட்டது. கட்டுப்பாடு கைக்குத்தானே, காதுக்கு இல்லையே. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பியது. வந்தவர்கள் திருப்பூருக்குப் போய்த் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசினார்கள். நேரில் பேசியதும் புரளியின் சாயம் வெளுத்தது.

மே 11, ஞாயிறு. ஆரணி

பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அப்பாவோடு நானும் சுற்றினேன். அழைப்பிதழ் பிடிஎப்பாக எல்லோர் போனுக்கும் போய்விட்டது. ஆனாலும் அப்பா விடுவதாக இல்லை. தாம்பூலத் தட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகை, வீடு வீடாக. “போன்ல அனுப்பினா அது தகவல். வாசல்ல போயி நின்னாதான் கூப்பிட்டதா அர்த்தம் பாப்பா” என்றார். தறி ஓட்டாத நாளெல்லாம் கூலி போகிற நாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

போன வீடுகளில் எல்லாம் என்னிடம் இரண்டு கேள்வி. வேலை கிடைச்சதா? அடுத்து உனக்குத்தானே? பழைய பழக்கம் என்றால் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே என் வயதுப் பெண்கள் விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை. ஸ்டேட்டஸில் வாழ்த்திவிட்டு ஒதுங்குவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் யாருக்குப் படகு வேண்டும், யாருக்குச் சோறு வேண்டும் என்று ஒருங்கிணைத்ததும் இதே போன்கள்தான். அப்போது முன்பின் தெரியாத இளைஞர்கள் தகவலைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள்.

பெரியப்பா வீட்டில் பழைய மொய் நோட்டைப் புரட்டினேன். ஊர், பெயர், தொகை. இதைவிட ஒழுங்கான ஆவணத்தை நான் எந்த அரசு அலுவலகத்திலும் பார்த்ததில்லை. 2021ல் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கான கியூஆர் கோடு அச்சிட்டது செய்தியானது. ஊரடங்குக் காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. இப்போது மண்டப வாசலிலேயே கோடு ஒட்டுகிறார்கள். பணம் பத்திரமாகச் சேர்ந்துவிடும். எழுதுகிறவர் தலை நிமிர்ந்து, “எந்த ஊருங்க? யார் வழியில சொந்தம்?” என்று கேட்பது மட்டும் நின்றுபோகும்.

மே 24, சனி. ஆரணி

தெருக்கோடி வீட்டு மாமா போய்விட்டார். எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. விடிவதற்குள் அதில் வரிசையாக ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, ஆர்ஐபி, பூங்கொத்துப் படங்கள். அந்தக் குழுவில் அத்தை இல்லை. அவரிடம் சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது. அத்தனை ஆறுதலும் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நாங்கள் எங்களுக்குள் அனுப்பிக்கொண்டோம்.

அம்மாவோடு போனேன். அம்மா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அத்தை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தை தானாகவே பேச ஆரம்பித்தார். மாமாவின் மாத்திரைச் செலவு, நெசவாளர் சங்கத்தில் நிலுவை, ஓய்வூதியத்துக்கு எந்த ஆபீஸில் எழுதிக்கொடுப்பது என்று தெரியாத கலக்கம். அம்மா எதுவுமே கேட்காமல் இவ்வளவும் வந்தது. பேட்டி எடுப்பது எப்படி என்று இரண்டு வருடம் வகுப்பில் படித்ததை அம்மா அரை மணி நேரத்தில் செய்து காட்டிவிட்டாள். விண்ணப்பத்தை நான் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு. சென்னை

நாளை வேலையில் சேருகிறேன். ஒரு செய்தி இணையதளம். மாவட்ட நிருபராகப் போகத்தான் ஆசை. கல்விக் கடன் தவணை ஆசையைக் கேட்டு வருவதில்லை. அங்கேயும் நாற்காலி வேலைதான். ஆனாலும் சம்பந்தப்பட்ட ஒருவரிடமாவது பேசாமல் எந்தச் செய்தியும் என் பெயரில் வராது என்று நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டேன். முடிந்தவரை பார்க்கலாம் என்றார் ஆசிரியர். அந்த ‘முடிந்தவரை’ எவ்வளவு என்பது போகப் போகத் தெரியும்.

படித்து முடித்தவளாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திரைக்கு வருவதெல்லாம் யாரோ ஒருவர் அனுப்ப நினைத்தது. அவர் மறைத்ததும், அவருக்கே தெரியாததும் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். இதற்கு நிருபர் அட்டை எதுவும் தேவையில்லை. ஆகவே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பயமுறுத்தும் தகவல் வந்தால், அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன் அந்த ஊரில் இருக்கும் ஒருவருக்குப் போன் போடுங்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால், குழுவில் பூங்கொத்து போட்டாலும் போடாவிட்டாலும், ஒரு நடை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.