பொறி பார்க்கும் கண்

சாணைக்கல்லில் இரும்பை ஒரு தொடு தொட்டு, பறக்கிற பொறியைப் பார்த்தே அது என்ன இரும்பு என்று சொல்லிவிடுகிறார் அந்த டர்னர். பொறி மஞ்சளாக, நீளமாக, அதிகம் கிளைக்காமல் போனால் மைல்ட் ஸ்டீல். நுனியில் வெடித்துப் பல கிளையாகப் பிரிந்தால் கார்பன் கூடிய ஸ்டீல். மங்கிய சிவப்பில் குட்டையாக விழுந்தால் வார்ப்பிரும்பு. லேத்தில் மாட்டுகிற ஹைஸ்பீடு டூல் பிட்டின் பொறி கருஞ்சிவப்பாக இருக்கும், வெடிக்காது. ஸ்கிராப் கடையிலிருந்து வந்த, ஊர் பேர் தெரியாத ராடு ஒன்றை எடுத்து எனக்காகச் செய்து காட்டினார். “இ.என். எட்டு சார். சந்தேகம்னா லேப்ல குடுத்துப் பாருங்க” என்றார், நான் சந்தேகப்படாதபோதே.

அப்போது அவர் கண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழத்துக்கும் குறைவான இடம்தான். வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி அவருக்குப் பின்னால் சுவரில், ஆணியில் தொங்கியது. ஏன் என்று கேட்டேன்.

“அத போட்டா கலர் தெரியாது சார். கலர் தெரியாம டூல் அரைச்சா நுனி நீலம் ஏறிடும். அப்புறம் கூர் நிக்காது.”

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. 1964-இல் அமைந்த பேட்டை இது. அதற்கு முன்பே, 1949-இல், டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்துவிட்டது. பிறகு டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. இந்தப் பெரிய பெயர்களுக்கெல்லாம் புஷ், பின், ஷாஃப்ட், பிராக்கெட் என்று சில்லறைச் சாமான் செய்து கொடுத்து வளர்ந்ததுதான் பேட்டையின் சந்துகளில் இருக்கிற சின்னப் பட்டறைகளின் உலகம். பழைய ஆலை நிலங்கள் சிலவற்றில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன. சந்துகள் மாறவில்லை. இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், ஓரத்தில் ஒரு பெஞ்ச் கிரைண்டர், வாசலில் கட்டிங் மெஷின். நான் போன பட்டறையில் ஓனரையும் சேர்த்து ஏழு பேர்.

அங்கே நான் போனதற்குக் காரணம் அந்தப் பட்டறையின் ஹெல்பர், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன். ஆங்கிள் ஒன்றைக் கை கிரைண்டரில் வெட்டும்போது வலது கண்ணில் ஏதோ பட்டது. “ரெண்டு கட் மட்டும்தான் அண்ணா” என்று என்னிடம் நியாயம் சொன்னான். நாள் முழுக்க வெட்டுகிற வேலையாக இருந்தால் கண்ணாடியைத் தேடியிருப்பானாம். நான் பேசிய எல்லாருமே ஏதாவது ஒரு விதத்தில் இதைத்தான் சொன்னார்கள். அடிபட்ட வேலை எப்போதும் சின்ன வேலைதான்: ஒரு பர் எடுப்பது, ஒரு ஓட்டை பெரிதாக்குவது, மாட்டிக்கொண்ட பேரிங்கை உளி வைத்துத் தட்டுவது.

கிரைண்டரின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு அங்குல வீல், நிமிடத்துக்கு 11,000 சுற்று. வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் இமைக்கச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் அந்த வேகத்தில் கிளம்பும் துகள் ஐந்து மீட்டர் போய்விடும். “கண்ணை மூடிக்குவோம் சார், பழக்கம்தான்” என்று ஒரு வெல்டர் சொன்னார். அந்தப் பழக்கத்துக்கு இயற்பியல் இடம் கொடுக்கவில்லை.

கண்ணில் விழுந்ததும் பட்டறை வைத்தியம் தொடங்குகிறது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ‘தூசி எடுக்கிறவர்’ இருக்கிறார். இமையைப் புரட்டி, காகிதத்தை மடித்து அதன் கூர்முனையால் தட்டிவிடுவார். சிலர் வேட்டி நுனி, சிலர் காது குடையும் பஞ்சுக் குச்சி. நாக்கு நுனியால் எடுத்துவிடுகிற பெரியவர்களும் இருந்தார்களாம். காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவரையும் சந்தித்தேன். இந்த இளைஞனுக்குக் காகிதம். “வந்துடுச்சு” என்று சொல்லி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வரவில்லை. இரவு தூங்க முடியாமல், மறுநாள் கண் சிவந்து நீர் கொட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அவனைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிற ஒரு கண் மருத்துவரிடம் பேசினேன். கருவிழியின் நடுப் பகுதி அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் கனம். பறந்து வரும் இரும்புத் துகள் சூடாக வந்து அதில் பதிகிறது. கண்ணின் ஈரத்தில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கி, துகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் உண்டாகிறது. காகிதத்தால் துகள் போனாலும் வளையம் போகாது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, ஊசி நுனியால் துகளையும், சிறு பர் கருவியால் துருவையும் எடுக்க வேண்டும். மேல் தோலோடு போனால் சில நாளில் ஆறிவிடும். ஆழமாகப் போய், அதுவும் பாப்பாவுக்கு நேராக இருந்தால், தழும்பு நிரந்தரம். அந்தக் கண்ணுக்கு அப்புறம் எல்லாமே ஒரு மங்கலோடுதான்.

மருத்துவருக்குக் கோபம் வந்தது துகளைப் பற்றிப் பேசும்போது அல்ல, சொட்டு மருந்தைப் பற்றிப் பேசும்போது. மரத்துப்போகும் சொட்டைக் கேட்டு வாங்கிப் போய் வலி வரும்போதெல்லாம் விட்டுக்கொள்கிறார்கள். வலி தெரியாமலே கருவிழி கரைகிறது. மருந்துக்கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு, கண்ணில் பூஞ்சைத் தொற்று இருந்தால் அதற்குத் தீனி. வெல்டிங் வெளிச்சம் அடித்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவது இன்னொன்று. ஆர்க் அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்தான், மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே ஆறிவிடும். ஆறியதற்கான பெயரைத் தாய்ப்பால் தட்டிக்கொண்டு போகிறது.

இவற்றில் எல்லாம் மோசமானது வலிக்காத காயம். சுத்தியலால் உளியை அடிக்கும்போது உளியின் தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்து, கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடும். துளை அவ்வளவு சிறியது. சில சமயம் சுருக்கென்ற ஒரு குத்தல் மட்டும். பார்வையும் அன்றைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே தங்கிய இரும்பு மாதக்கணக்கில் கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். அப்படிப்பட்டவரை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அனுப்பினால் காந்தம் அந்தச் சில்லை நகர்த்திவிடும். ஆகவே எக்ஸ்ரே அல்லது சி.டி.தான் எடுக்க வேண்டும். துளைத்த காயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அடிபட்ட கண்ணை ஒட்டி, அடிபடாத கண்ணும் அழற்சி கண்டு கெடலாம். பிரெயில் எழுத்தைத் தந்த லூயி பிரெயில், 1812-இல் மூன்று வயதில், தன் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அதுவும் பட்டறைக் காயம்தான்.

சிகிச்சைக்கு இந்தப் பக்கத்தில் குறை சொல்ல முடியாது. 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண்ணாஸ்பத்திரி, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, ரயிலேறினால் எட்டிவிடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017 முதல் அரவிந்த் இருக்கிறது. அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. இந்த இளைஞனுக்குக் கண் தப்பியது. ஒரு நாள் போனதற்குக் காரணம் தூரம் இல்லை. லீவு போட்டால் சம்பளம் போகும் என்ற பயம், இ.எஸ்.ஐ. அட்டை இல்லாதது, எங்கே போவது என்று அவன் மொழியில் சொல்ல ஆள் இல்லாதது. பட்டறைச் சுவரில் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் போஸ்டர் ஒட்டியிருந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும்.

ஓனரிடம் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. அவரும் லேத் முன்னால் நின்று வந்தவர்தான். கேட்டதும் பொங்கிவிட்டார். “வாங்கித் தராமயா இருக்கேன்? டஜன் டஜனா வாங்கிப் போட்டிருக்கேன் சார். போட்டாத்தானே? கஸ்டமர் கம்பெனி ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாம் மூக்குல ஏறும்.” ஒரு டப்பாவைத் திறந்தும் காட்டினார். அவர் சொன்னது பொய் இல்லை. உள்ளே பிரிக்காத கண்ணாடிகள் இருந்தன.

ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் நின்றேன். தகரக் கூரை, ஒரே ஒரு ஃபேன், மே மாதம். சற்று நேரத்தில் புருவத்திலிருந்து வேர்வை இறங்கி, உள்பக்கம் ஆவி பிடித்துக்கொண்டது. கண்ணாடி காதில் அழுத்தி, மூக்கில் வழுக்கியது. மைக்ரோமீட்டரின் கோட்டை என்னால் படிக்க முடியவில்லை. ஆணியில் தொங்கியதை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கையால், பனியனால் துடைத்துத் துடைத்து முழுக்கக் கீறல். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் அளவு பிடிக்கச் சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னால் எந்த டர்னரும் கழற்றத்தான் செய்வார். அளவு தப்பினால் ஜாப் ரிஜெக்ட். அது அவர் கணக்கில்தான் விழும். கண்ணில் பொறி படுவது என்றோ நடப்பது, ரிஜெக்ஷன் அன்றாடம் நடப்பது.

ஆகவே ‘தொழிலாளிக்கு அக்கறை இல்லை’ என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றுவது பார்ப்பதற்காக. பார்ப்பதுதான் அவர் தொழில். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 35-ஆவது பிரிவில் கண்ணுக்குத் தடுப்போ ‘தகுந்த’ கண்ணாடியோ தர வேண்டும் என்றுதான் சொன்னது. டப்பாவில் இருந்தது கண்ணாடி, சரி. தகுந்ததா?

அந்த டர்னருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி உட்காராது. பவர் கண்ணாடியே காப்பாற்றும் என்று அவரும் ஓனரும் நம்புகிறார்கள். சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் அந்தச் சில்லே கண்ணுக்குள் போகும். பக்கவாட்டில் அதற்கு மறைப்பும் கிடையாது. பாலிகார்பனேட் வில்லையில், ஆளுக்கேற்ற பவரோடு, பக்க மறைப்போடு பாதுகாப்புக் கண்ணாடி செய்து தருகிறார்கள் என்பது இருவருக்கும் புதிய செய்தி. 2017-இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் பறிக்கும் இலையின் அளவு சுமார் 22 சதவீதம் கூடியது. லேத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாதுதான். ஆனாலும் ஓனர் இதைக் கேட்டபோதுதான் முதல்முறையாகக் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கல் குவாரித் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்விலும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஒருமுறை பேசியதைவிட, திரும்பத் திரும்பப் போய்ப் பேசியபோதே அதிகம் பேர் அணிந்தார்கள்; காயங்களும் குறைந்தன. பேட்டையின் சந்துகளுக்கு யார் திரும்பத் திரும்பப் போவார்கள்? மின்சாரத்தில் ஓடும் பட்டறை ‘ஃபேக்டரி’ ஆவதற்குப் பழைய சட்டத்தில் பத்துப் பேர் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது இருபது. ஏழு பேர் பட்டறை இரண்டிலும் வெளியேதான்.

கண் போனால் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஒரு கண்ணையே இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு. விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். 25 வயதுக்காரருக்கு, மாதம் ரூ.15,000 என்ற உச்சவரம்புக் கூலியில், பார்வை போன ஒரு கண்ணுக்கு அந்தக் கணக்கு ரூ.5.85 லட்சம் சொச்சம் வந்தது. ஆள் வேலையில் இருந்தார் என்பதற்கே காகிதம் இல்லாத இடத்தில் அதை வாங்குவது வேறு கதை. பொறியின் நிறத்தைப் படிக்கிற ஒருவருக்கு 30 சதவீதம் என்பது எந்த அளவுகோல் என்று எனக்கு விளங்கவில்லை.

பட்டறை ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். டஜன் கணக்கில் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று ரகத்தில் ஒவ்வொன்று வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்கு, கூரை கொதிக்கும்போது, நீங்களே போட்டுக்கொண்டு அரை மணி நேரம் லேத் முன்னால் நின்று மைக்ரோமீட்டர் படித்துப் பாருங்கள். உங்களால் முடிந்த கண்ணாடியை ஆட்களுக்குக் கொடுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குப் பவர் சோதித்துக் கொடுங்கள். கீறல் விழுந்ததும் வேறு கொடுங்கள்.