ஊருக்கு மட்டும் அடித்த பறை

2020 மார்ச் 24 இரவு பிரதமர் டிவியில் ஊரடங்கை அறிவித்தார். மறுநாள் காலையில் செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதை அறிவித்தவர் என் பெரியப்பா. பறையைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார். முகக்கவசம் கிடையாது, தோளில் கிடந்த துண்டுதான். "யாரும் வெளிய வரக்கூடாதுங்கோ, சமூக இடைவெளி விடணுமுங்கோ" என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார். வெளியே வராதே என்று சொல்வதற்கு ஒருவரை வெளியே அனுப்பியாக வேண்டும். அது யார் என்பதில் ஊரில் யாருக்கும் குழப்பமே இல்லை.

'சமூக இடைவெளி' என்பதை அவர் வாயால் கேட்டபோது சுருக்கென்றது. எந்தத் தெருவில் எத்தனை அடி தள்ளி நிற்பது என்று ஆயுசு முழுக்க அளந்து நடந்த மனுஷன். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்று சொல்வதுதான் சரி என்றது. நம் சுவரொட்டிகளில் பழைய சொல்லே ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவரிடம், "பெரிப்பா, நம்ம காலனிக்கு?" என்றேன்.

"ஊர்ல சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். இங்க யாருப்பா கேட்டா?" என்று சிரித்தார். கையை அடிக்கடி கழுவச் சொன்னது டிவி. எங்கள் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

தடுப்பூசிக் காலத்தில் செய்தி பறையிலிருந்து செல்போனுக்கு மாறியது. 2021 மே 1 முதல் 18 வயது தாண்டியவர்களுக்கு ஊசி. ஆனால் கோவினில் பதிய வேண்டும். அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். படிப்பில்லாத கிராமத்து ஜனம் இதில் எப்படிப் பதியும் என்று மே 31 அன்று உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசைக் கேட்டது. ஜூனில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது தமிழை விட்டுவிட்டார்கள்; கண்டனம் கிளம்பிய பிறகே தமிழ் வந்தது. நானும் அந்தக் கண்டனத்தைப் பகிர்ந்தவன்தான். தமிழில் வந்தாலும் அண்ணன் போனில் அது திறக்காது என்பதை அன்றைக்கு நானும் எழுதவில்லை.

2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். என்றைக்கோ வந்திருக்க வேண்டிய கடிதம். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த வண்டியாச்சும் காலனிக்குள்ள வருமாப்பா?" என்றார்.