மாமாவின் வேனுக்கு ஸ்வெட்டர்

கேத்தி பாலாடா பக்கம் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும்னு சமவெளி மக்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். குளிர்ந்த காத்து கனமானது, சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். கேத்தி பெரிய பள்ளத்தாக்கு. விடியும்போது கேரட் தோட்டத்துல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும்.

மாமா அங்கே இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏத்துறவர். அதிகாலை லோடுக்காக முதல் நாள் ராத்திரியே போய், மூடின கார்கோ வேனுக்குள்ளயே படுத்துடுவார். போன பனிக்காலத்துல உள்ளே கரி அடுப்பு வச்சுக்கிட்டுப் படுக்குறார்னு அத்தை போன்ல சொன்னாங்க. எனக்குத் தூக்கம் போச்சு. கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குறவரை எழுப்பாமலே கொன்னுடும். "அடுப்பு வேணாம் மாமா"ன்னு சொன்னா, "குளிருக்கு நீ வந்து நிப்பியா மாப்ளே?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அதனால வேனுக்கு ஸ்வெட்டர் போடக் கிளம்பினேன்.

முதல்ல கணக்கு. இரும்புத் தகடு வெப்பத்தை தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல வேகமா கடத்தும். தூங்குற ஆள் உடம்பு 75 வாட் பல்பு மாதிரி. வெறும் தகட்டு வேன்ல அந்தச் சூடு ஒரு டிகிரிகூட நிக்காது. 25 மி.மீ. இன்சுலேஷன் போட்டா நாலஞ்சு டிகிரி நிக்கும். அவ்வளவுதான். இன்சுலேஷன் சூட்டை உண்டாக்காது, இருக்கறதைப் பிடிச்சு வைக்கும். மிச்சத்துக்கு ரஜாய்தான்.

எதைப் போடறது? கண்ணாடிப் பஞ்சு விலை குறைவு. ஆனா ஈரத்தைப் பிடிச்சுக்கும். மாமா ஏத்துறதோ கழுவின கேரட். போதாததுக்கு மூச்சுக்காத்து ஈரம் வேற, குளிர்ந்த தகட்டுல வேர்த்து வடியும். பஞ்சுக்குப் பின்னால தகடு சத்தமில்லாம துருப்பிடிக்கும். தெர்மாகோல் வளைவுகள்ல உட்காராது, தீப்பிடிச்சா மளமளன்னு எரியும்.

கடைசியில ஏ.சி. குழாய்க்குச் சுத்துவாங்களே, கருப்பு நைட்ரைல் ஃபோம், அதையே ஷீட்டா வாங்கினோம். தண்ணி குடிக்காது, வளையும். தீ பரவாத ரகம்னு கேட்டு வாங்கணும். தகட்டைத் துடைச்சு, காய வச்சு, இடைவெளி இல்லாம பசை போட்டு ஒட்டினோம். இடைவெளி விட்டா அங்கேயும் வேர்க்கும். சட்ட இரும்புகளையும் மூடினோம், இல்லேன்னா சூடு அந்த வழியா ஓடிடும். கதவோட அடியில இருக்கற தண்ணி வடியும் ஓட்டைகளை மட்டும் தொடலை. கேரட் கிரேட் உரசி ஃபோம் கிழியாம இருக்க மேலே பிளைவுட்.

அப்புறம் பின்பக்கக் கூரையில ஒரு காத்துத் துவாரம் போட்டேன். மாமா கடுப்பாயிட்டார். "இவ்வளவு செலவு பண்ணி மூடிட்டு, ஓட்டை எதுக்குடா?"

அங்கேதான் விஷயமே இருக்கு. சுவர் வழியா சூடு போகக்கூடாது, ஆனா மூச்சுக்காத்து போய் வரணும். கூரைத் துவாரம் திறந்திருக்கணும், முன் கண்ணாடி ரெண்டு விரல் இறங்கியிருக்கணும். ஒரு டிகிரி குறைஞ்சா குறையட்டும்.

வெளியே 6 டிகிரி இருந்த ஒரு ராத்திரி, உள்ளே தெர்மாமீட்டர் 10 காட்டுச்சு. பெரிய சாதனை இல்லைதான். ஆனா அடுப்பு இப்போ அத்தை வீட்டுத் திண்ணையில இருக்கு :-)

டிஸ்கி: துவாரம் இருக்கேன்னு கரி அடுப்பை உள்ளே கொண்டு போயிடாதீங்க. அதுக்கு எந்த ஓட்டையும் போதாது.