நல்லாட்சியும் நகரத்து ஏழையும்

நல்லாட்சி என்பது எமது நாட்டில் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று. 2015 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் தன்னையே அப்பெயரால் அழைத்துக்கொண்டது. ஆனால், கொழும்பின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளுக்குச் செய்தியாளனாகச் சென்ற வேளைகளில், என்னிடம் உதவி கேட்டவர்களைவிட, எந்தக் கந்தோரில் யாரிடம் முறையிடுவது என்று கேட்டவர்களே அதிகம். நல்லாட்சிக்கும் வறுமைக்குமான தொடர்பை எனக்கு உணர்த்தியது அந்தக் கேள்விதான்.

2019 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வக் கணக்கின்படி நகர்ப்புற வறுமை 6.0 சதவீதம், நாடளாவிய வறுமையோ 14.3 சதவீதம். நகரத்தில் ஏழைகள் குறைவு என்று இதைக் கொண்டு ஆறுதலடைய முடியாது. அது நுகர்வுச் செலவை அளக்கும் கணக்கு. உறுதி இல்லாத வீட்டையோ, மழைக்கு நிரம்பி வழியும் வடிகாலையோ அது அளப்பதில்லை. இவை வருமானக் குறைவால் மட்டும் நேர்ந்தவை அல்ல. நிர்வாகம் கைவிட்டதால் நேர்ந்தவை.

1984 இல், ரணசிங்க பிரேமதாச பிரதமராக இருந்தபோது, பத்து இலட்சம் வீடுகள் திட்டம் ஆரம்பமானது. அதில் அரசியல் இருந்தது, குறைகளும் இருந்தன. ஆயினும் நகரக் குடியிருப்புகளில் சமுதாய அபிவிருத்திச் சபைகள் கூடின. வடிகாலையும் கழிவறையையும் கட்டும் ஒப்பந்தம் குடியிருப்பாளர்களிடமே கொடுக்கப்பட்டது.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவில் படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் தொடர்மாடிகள் எழுந்தன. குழாய் நீரும் தனிக் கழிவறையும் சிலருக்கு நன்மையே. ஆனால் எங்கே போவது, எவ்வளவு செலுத்துவது என்பதை மேலிருந்தே தீர்மானித்தார்கள்.

மீதொட்டமுல்லை மக்கள் குப்பை மேட்டுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து 30 பேர் வரையில் மாண்டனர். அவர்கள் கேட்டது நிவாரணமல்ல. குப்பையை அகற்றும்படியே கேட்டார்கள்.

2023 இல் நிதியில்லை என்று காரணம் கூறி உள்ளூராட்சித் தேர்தல் பிற்போடப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதிதான் அது நடந்தது. பொருளாதார நெருக்கடியின் தாக்கம் நீங்காத அந்த இரண்டு ஆண்டுகளும் கொழும்பு மாநகர சபையில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. வசதி படைத்தவருக்கு அது பெரிய இழப்பல்ல. அவருக்கு வேறு வழிகள் உண்டு. ஏழைக்கோ, பெயர் சொல்லி அழைத்து முறையிடக்கூடிய ஒரே அதிகாரம் வட்டார உறுப்பினர்தான். இப்போது சபை மீண்டும் கூடுகின்றது. தோட்டத்து மக்களின் முறைப்பாடுகளுக்கு அங்கே பதில் கிடைக்கின்றதா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.